எல்லையில் பார்மலின் சோதனை. கிருமியைத் தேடுவது யார்?

புதுதில்லி: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் நெடுங்கண்டம், தூக்குப்பாலம் பகுதியில் 2022 ஏப்ரலில் மீன் குழம்பு உண்ட சிலருக்கு வயிற்றுவலி கண்டது. மீன் கழிவைத் தின்ற பூனைகள் செத்ததாகவும் புகார் எழுந்தது. செய்தி வெளியானதும் அப்போது மாநில சுகாதார அமைச்சராக இருந்த வீணா ஜார்ஜ் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே மாதத்தில் "ஆபரேஷன் மத்ஸ்யா" என்ற பெயரில் மாநிலம் முழுவதும் மீன் சந்தைகளிலும் எல்லைச் சாவடிகளிலும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையில் இறங்கினர். கெட்டுப்போன மீன் பெட்டி பெட்டியாகப் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்பட்டது.

இது முதல் சோதனை அன்று. 2018 ஜூனில் "ஆபரேஷன் சாகர் ராணி" நடந்தபோது பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறிலும் கொல்லம் மாவட்டத்தின் ஆரியங்காவிலும் பார்மலின் கலந்த மீனும் இறாலும் டன் கணக்கில் பிடிபட்டன. ஆரியங்காவில் மட்டும் சிக்கியது 9 டன்னுக்கும் அதிகம். பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிட்டது என்ற அதிர்ச்சியில் கேரளமும் தமிழகமும் கோவாவும் சில வாரங்கள் மீனையே சந்தேகத்துடன் பார்த்தன.

இரு சோதனைகளிலும் அதிகாரிகளின் கையில் இருந்த முக்கியக் கருவி ஒன்றே. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி 2018 ஜனவரியில் அறிமுகமான சோதனைத் தாள் அது. மீனின் மேல் தாளைத் தேய்த்து, ஒரு சொட்டுக் கரைசல் விட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறும். பார்மலின் இருக்கிறதா, அம்மோனியா இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எளிய, மலிவான, பயனுள்ள கருவி. ஆனால் அது காட்டுவது இந்த இரண்டை மட்டுமே. மீன் உண்டு மனிதர் படுக்கையில் விழப் பெரும்பாலும் காரணமாகும் பாக்டீரியாவையோ, அந்த பாக்டீரியா மீனுக்குள் உண்டாக்கி வைக்கும் நச்சையோ அந்தத் தாள் காட்டாது. தாளில் தேறிய மீன் லாரி மலை ஏறிவிடுகிறது.

கடலில்லாத மாவட்டங்கள்

கேரளத்தின் 14 மாவட்டங்களில் கடற்கரை உள்ளவை 9. பாலக்காடும் இடுக்கியும் மற்ற ஐந்தில் அடங்கும். பாலக்காட்டுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. பொன்னானி தாலுகா அந்த மாவட்டத்தில் இருந்தவரை அரபிக் கடல் அதன் எல்லை. 1969 ஜூனில் மலப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலும் அதனுடன் போய்விட்டது. சித்தூர் தாலுகாவிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக உள்ளனர். 1956 மொழிவாரிப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு பற்றி நடந்த வாதங்களைத் தமிழக அரசியலை அறிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இம்மக்கள் உண்ணும் மீன் இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. மேற்கே கொச்சி, முனம்பம், பொன்னானி. கிழக்கே தூத்துக்குடி, ராமேசுவரம், நாகப்பட்டினம். கிழக்கிலிருந்து வரும் லாரி வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியே பாலக்காட்டுக்குள் நுழைகிறது. இடுக்கிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. தூத்துக்குடியிலிருந்து மதுரை, தேனி வழியாகக் குமுளிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ராமேசுவரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோவிந்தாபுரத்துக்கு அதற்கும் மேல். வலையில் விழுந்த நேரம், கரை சேர்ந்த நேரம், ஏலம் போன நேரம், லாரியில் ஏறிய நேரம், மலையடிவாரத்தில் பெட்டி மாறிய நேரம், பிறகு ஜீப்பிலோ இருசக்கர வாகனத்திலோ எஸ்டேட் லயங்களுக்குச் சென்ற நேரம் என்று கூட்டினால், அடுப்பில் ஏறும்போது மீனுக்கு எத்தனை நாள் வயது என்பதை வாங்குபவரும் அறியார், விற்பவரும் அறியார்.

மீன்பிடித் தடைக்காலம் இந்தப் போக்குவரத்துக்கு ஒரு பஞ்சாங்கம் போல அமைந்துள்ளது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள். முதல் தடையின்போது மேற்கிலிருந்து கிழக்கே மீன் போகும். இரண்டாவதன்போது கிழக்கிலிருந்து மேற்கே வரும். இந்த இரண்டாம் பருவம்தான் கவனிக்கத்தக்கது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் இவைதான். கிணறும் ஓடையும் கலங்கி, வயிற்றுப்போக்கு நோய்கள் தலைதூக்கும் காலத்தில்தான் நெடுந்தொலைவு பயணம் செய்த மீன் மலைக்கு அதிகம் ஏறுகிறது. கேரள அரசின் சோதனைகளும் தடைக்காலத்தில் தீவிரமாவது தற்செயல் அன்று.

ஒன்று இரண்டாகும் கணக்கு

கடல் மீனுடன் பயணம் செய்யும் கிருமிகளில் முதலில் சொல்ல வேண்டியது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950 இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் பாதி உலர்ந்த சிறு மீன்களைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் உயிரிழந்தனர். அப்போது சுனேசபுரோ புஜினோ என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இந்த பாக்டீரியா. உப்புநீரில் வாழ்வது; வெதுவெதுப்பான கடலை விரும்புவது; இறால், நண்டு, சிப்பி, மீன் எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பது. உடலில் புகுந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நீர்போன்ற வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, சில சமயம் காய்ச்சல். பெரும்பாலோர் மூன்று நாளில் தேறிவிடுவர்.

இதன் நோயுண்டாக்கும் திறனைப் பற்றி ஒரு விளக்கம் அவசியம். கடலில் உள்ள இந்த பாக்டீரியா எல்லாமே நோய் தருவதில்லை. டிடிஎச், டிஆர்எச் என்று குறிக்கப்படும் இரு நச்சு மரபணுக்களில் ஒன்றேனும் உள்ளவையே மனிதரைப் படுக்க வைப்பவை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. மங்களூரு மீன்வளக் கல்லூரியில் இட்யா கருணாசாகர், இந்திராணி கருணாசாகர் ஆகியோர் மேற்குக் கரை மீன்களில் இம்மரபணுக்களைத் தேடிக் கண்டறியும் முறைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். கடலிலிருந்து எடுக்கும் கிருமிகளில் அபாய மரபணு உள்ளவை சிறு பங்கே. ஆகவே "மீனில் விப்ரியோ கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தவுடன் மிரளத் தேவையில்லை. அதற்காக அலட்சியம் காட்டவும் முடியாது. 1996 பிப்ரவரியில் கொல்கத்தா தொற்றுநோய் மருத்துவமனை நோயாளிகளிடம் ஓ3:கே6 என்ற வகை திடீரெனப் பெருகியது. அடுத்த சில ஆண்டுகளில் அது தென்கிழக்கு ஆசியா, அமெரிக்கா, சிலி வரை பரவி, இந்த பாக்டீரியாவின் முதல் உலகப் பரவல் எனப் பதிவாயிற்று.

எண்ணிக்கையே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உகந்த சூட்டில் சுமார் 10 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும் வேகம் இதற்கு உண்டு. நாம் தாராளமாக 20 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு மீனில் 100 கிருமிகள் இருந்தால், ஐஸ் உருகிப்போன பெட்டியில் 4 மணி நேரத்தில் அவை 4 லட்சத்தைத் தாண்டும். நோய் உண்டாகப் பொதுவாக லட்சக்கணக்கில் கிருமிகள் உட்செல்ல வேண்டும். கரையில் ஏலம் போனபோது தீங்கற்றதாக இருந்த அதே மீன், அடிவாரத்தில் பெட்டி மாறும்போது தீங்கானதாக ஆகிவிடுவது இப்படித்தான். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதன் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். ஐஸ் என்பது மீன் புதிதாகத் தெரிவதற்கான அலங்காரம் அன்று. இந்தக் கணக்கை நிறுத்தும் ஒரே வழி.

நம்மவர் மீனைப் பச்சையாக உண்பதில்லை. புளியோ குடம்புளியோ கரைத்து நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கொதிக்கும் குழம்பில் விப்ரியோ பிழைக்காது; புளிப்பும் அதற்கு ஆகாது. ஆனால் மீன் நறுக்கிய அரிவாள்மனையில் அடுத்து வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கப்படுகின்றன. மீன் கழுவிய கையால் குடத்துத் தண்ணீர் மொள்ளப்படுகிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் சந்தையில் பக்கத்துக் கடையின் காய்கறிக் கூடையை நனைக்கிறது. சமையலறையில் நோய் நுழையும் வழி பெரும்பாலும் சட்டி அன்று, கையும் கத்தியும்தான். மீன் வெட்டும் தொழிலாளர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி விரல் காயத்தின் வழியே இரத்தத்தில் ஏறும். கல்லீரல் நோயுள்ளவர்களுக்கு அது உயிர்க்கொல்லி.

காலராவும் இறால் ஓடும்

அதே குடும்பத்தைச் சேர்ந்த விப்ரியோ காலரே உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும். நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிர்களின்மேல் ஒட்டிக்கொள்ளும். வங்கதேசக் கிராமங்களில் பழைய புடவையைப் பல மடிப்பாக்கித் தண்ணீரை வடிகட்டியபோது காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கால்வெல் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இருநூறுக்கு மேற்பட்ட வகைகளில் ஓ1, ஓ139 ஆகிய இரண்டே கொள்ளைநோயாகப் பரவுபவை. ஓ139 வகை தலைகாட்டியது 1992 இல். அது பதிவான முதல் ஊர்களில் ஒன்று நமது சென்னை.

காலரா கிருமி நச்சைச் சுரந்துதான் நோய் தருகிறது என்று 1959 இல் காட்டியவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. அந்த நச்சுக்கான மரபணு கிருமியின் சொந்தச் சொத்து அன்று. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்ப்பது என 1996 இல் தெரியவந்தது. இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளின்மேல் வளரும்போது காலரா கிருமி சுற்றுப்புறத்திலிருந்து அந்நிய மரபணுக்களை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை பெறுகிறது என்று 2005 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு விஞ்ஞானிகள் கண்டனர். இன்று தீங்கற்றிருக்கும் வகை நாளையும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இறால் ஓடும் மீன் கழிவும் ஓடையில் கொட்டப்படுவதை நாற்றப் பிரச்னையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

காலரா பழங்கதை என்று எண்ணுவோருக்குச் சில நினைவூட்டல்கள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லைக்கு அருகிலுள்ள பட்டஞ்சேரி ஊராட்சியில் 2016 மழைக்காலத்தில் காலரா பரவியது. 2022 ஜூலையில் காரைக்காலில் குடிநீர் மாசுபட்டுக் காலரா கண்டதால் புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையையே அறிவித்தது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோருக்குக் காலரா உறுதியானது. பொதுச் சுகாதாரத்தில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலத்திலும், குழாய்நீர் வசதி பெற்ற கடலோர நகரிலும் இவை நடந்துள்ளன.

பட்டஞ்சேரியைச் சுற்றியுள்ள பகுதியின் தண்ணீர்க் கதை வேறொரு வகையில் நாடறிந்தது. பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதாக எழுந்த போராட்டத்தால் கோகோ கோலா ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது அங்குதான். மழை மறைவுப் பகுதியான சித்தூரில் கோடையில் லாரித் தண்ணீரே பலருக்கு வழி. இடுக்கியின் எஸ்டேட் லயங்களிலோ மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்துக் கொண்டுவரும் நீர். மழை பிடித்தால் மேட்டிலுள்ள கழிவெல்லாம் அதில் கலக்கும். கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் பெண் தொழிலாளர்கள் இந்த நீரைத்தான் குடிக்கின்றனர்.

முல்லைப் பெரியாற்றில் எத்தனை அடி நீர் தேக்கலாம் என்பதற்கு இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன; 142 அடி என 2014 மே 7 இல் தீர்ப்பும் வந்தது. பரம்பிக்குளம், ஆழியாறு நீர்ப் பங்கீட்டுக்கு 1970 இல் எழுதிய ஒப்பந்தம் உண்டு. எல்லையோர மக்கள் குடிக்கும் நீரில் என்ன கிருமி இருக்கிறது என்பதைப் பற்றி இரு அரசுகளும் இந்த அளவு சிரத்தையுடன் சண்டையிட்டதாகத் தகவலில்லை.

மீனும் நீரும் சந்திக்கும் இடம் ஐஸ் கட்டி. ஐஸ் எந்த நீரில் உறைந்ததோ அந்த நீரின் கிருமிகள் உறைநிலையில் செத்துவிடுவதில்லை. பெரும்பகுதி உறங்கும், உருகியதும் விழிக்கும். உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என 2018 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பழரசக் கடையில் மீன் ஐஸ் கலக்கப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் சரி. ஆனால் மீனின்மேல் நேராகக் கொட்டப்படும் ஐஸ் குடிக்கத் தகுந்த நீரில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே மீன் தொழில்நுட்பத்தின் பாலபாடம்.

கொதித்தாலும் சாகாத நச்சு

மலைச் சந்தைக்கு வருபவற்றில் மலிவானவை மத்தி, அயிலை என்னும் கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயற்கையாகவே அதிகம். குளிர் குறைந்தால் மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உண்ட சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ முகம் சிவந்து, தலை வலித்து, உடல் தடித்து, வயிறு வலிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொள்வது பல நேரங்களில் இதுவாக இருக்கக்கூடும். ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், பிறகு உறைய வைத்தாலும் போகாது. கிருமி செத்துவிடும், அது விட்டுச்சென்ற நச்சு இருக்கும். மீனின் தோற்றமோ மணமோ எப்போதும் காட்டிக்கொடுக்காது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது சர்வதேச உணவுத் தரக்குழு வகுத்த பாதுகாப்பு உச்சவரம்பு. எல்லைச் சாவடியின் நிறம் மாறும் தாளுக்கு இதுவும் தெரியாது.

பார்மலின் விவகாரத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வியாபாரி பார்மலின் சேர்ப்பது குரூரத்தால் அன்று. ஐஸுக்குச் செலவிடத் தயங்கி. வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது நெடுநாளைய அறிவுரை. லாரியில் பாதி இடத்தை ஐஸ் பிடித்துக்கொள்ளும், வழியில் உருகும், திரும்ப வாங்க வேண்டும். பார்மலினோ சில சொட்டு. புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004 இலேயே வகைப்படுத்திய அந்த ரசாயனத்தை உணவில் சேர்ப்பது குற்றம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பார்மலினை மட்டும் விரட்டி, ஐஸுக்கு வழி செய்யாவிட்டால் என்ன ஆகும்? கிருமியைக் கொன்ற நஞ்சு போய்க் கிருமியே வரும். சோதனைத் தாள் "நலம்" என்று சொல்லும் மீன், நச்சு மீனைவிட விரைவில் ஆளைப் படுக்க வைக்கலாம்.

கேரளத்தில் இந்த விவாதம் "கிழக்கிலிருந்து வரும் மீன்" என்ற ஒரே திசையில் சுருங்கிப்போவதையும் குறிப்பிட்டாக வேண்டும். தமிழகக் கரையில் நேர்மையாகத் தொழில் செய்யும் மீனவர் 2018 இல் விலை வீழ்ச்சியால் பட்ட பாடு கொஞ்சமன்று. பிடித்தவர் ஒருவர், கெடுத்தவர் வேறொருவர். கொச்சியிலிருந்து நெடுங்கண்டம் வரும் மீனும் வளைந்து வளைந்து மலையேறித்தான் வருகிறது. ஐஸ் இல்லாவிட்டால் அதிலும் கிருமி பெருகும். கிருமிக்குத் தமிழ், மலையாள பேதம் தெரியாது.

தில்லியில் இரண்டு அளவுகோல்

நாட்டின் மீன் பரிசோதனை வரலாற்றில் 1997 ஒரு திருப்பம். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் இந்தியக் கடலுணவு இறக்குமதிக்குத் தடை விதித்தது. பதப்படுத்தும் ஆலைகளின் சுகாதாரக் குறைபாடும், கிருமி மாசும் காரணங்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் ஆபத்துக் கட்டங்களை முன்கூட்டியே கண்டு கட்டுப்படுத்தும் ஹாசப் முறையைக் கட்டாயமாக்கியது. தில்லி விழித்துக்கொண்டது. ஆலைகள் புதுப்பிக்கப்பட்டன. 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலும், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் ஐஸ், தண்ணீர், தொழிலாளியின் கை, மீனின் வெப்பநிலை என ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றின. ஏற்றுமதிக்குரிய இறாலில் சால்மொனெல்லாவும் விப்ரியோவும் தேடப்படுகின்றன.

2023-24 இல் இந்தியா 17.81 லட்சம் டன் கடலுணவை ஏற்றுமதி செய்து ரூ. 60,523 கோடி ஈட்டியது. நாட்டின் மொத்த மீன் உற்பத்தியில் எடைக் கணக்கில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதியை உண்பவர் இந்தியர். பிரஸ்ஸல்ஸிலும் பாஸ்டனிலும் உண்பவருக்காக இருக்கும் பதிவேடு சித்தூரிலும் நெடுங்கண்டத்திலும் உண்பவருக்கு இல்லை.

சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. மீனில் 25 கிராமுக்குச் சால்மொனெல்லாவோ காலரா கிருமியோ அறவே இருக்கலாகாது என்று அதன் விதிகள் கூறுகின்றன. ஆனால் சட்டத்தின் 18 ஆவது பிரிவு, மீனவர் தம் தொழிலில் செய்பவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என விலக்களிக்கிறது. ஏழை மீனவரை வழக்கிலிருந்து காப்பது நியாயமே. அதன் விளைவாக, படகில் ஐஸ் இருந்ததா என்பதை எந்த உணவு அதிகாரியும் கேட்க முடியாது; கரை இறங்கிய பிறகே சட்டம் கண் திறக்கும். மாதிரி எடுத்தால் 14 நாளுக்குள் ஆய்வறிக்கை தரவேண்டும் என்கிறது இன்னொரு பிரிவு. 14 நாள்! அதற்குள் மீன் குழம்பாகி, உண்டவர் தேறியும்விட்டிருப்பார். அல்லது மருத்துவமனையில் இருப்பார்.

ஆய்வகங்களின் நிலையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் தெளிவாக எழுதினார். மாநில உணவு ஆய்வகங்கள் 72 இல் 65 தேசிய அங்கீகாரம் இல்லாதவை. அதன்பின் நிதி ஒதுக்கப்பட்டு நுண்ணுயிர் ஆய்வுப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு வருகின்றன. கேரளத்தில் நெடுங்காலமாக இயங்கும் பெரிய உணவு ஆய்வகங்கள் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய கடலோர நகரங்களில் உள்ளன. குமுளியில் எடுத்த மாதிரி மலையிறங்கிப் போகவேண்டும்.

எல்லையில் நிரந்தர ஆய்வகம் சாத்தியமே இல்லை என்று கூறுவோர் மீனாட்சிபுரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். தமிழகத்திலிருந்து வரும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறை அங்கு நிலையான ஆய்வகமே நடத்துகிறது. ஆரியங்காவிலும் ஒன்று உண்டு. ஓணம் பண்டிகைக்குப் பால் டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கும்போது அது இராப்பகலாக இயங்குவது எல்லையோர மக்களுக்குத் தெரியும். பாலுக்குச் செய்ததை மீனுக்கும் செய்யலாம். மீனுக்கோ அவ்வப்போது ஒரு பெயர் சூட்டி நடத்தும் "ஆபரேஷன்"கள்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததையடுத்து வணிகவரிச் சாவடிகளும் கலைந்துவிட்டதால், எந்த லாரியில் என்ன சரக்கு போகிறது என்று வழியில் நிறுத்திக் கேட்கும் கண்களும் குறைந்துவிட்டன.

அதிகாரம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி மீன்வளமும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில். உணவுக் கலப்படம் பொதுப் பட்டியலில். மாநிலங்களுக்கு இடையிலான வணிகமும், கடல் எல்லைக்கு அப்பாலான மீன்பிடிப்பும் மத்தியப் பட்டியலில். வாளையாறில் நிற்கும் ஒரு லாரி மீன் ஒரே சமயத்தில் மூன்று பட்டியலிலும் கால் வைத்து நிற்கிறது. ஏற்றுமதியில் இந்தச் சிக்கலை மத்திய அரசு தீர்த்துக்கொண்டது. உள்நாட்டில் மட்டும், மாநிலப் பொறுப்பு என்ற பதில் தயாராக இருக்கிறது.

நோய்க் கணக்கும் அப்படியே. 2004 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வயிற்றுப்போக்கு நோயாளிகளை எண்ணுகிறது. எந்தக் கிருமியால் என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் இருக்கிறதா என்றறிய, அதற்கென உள்ள டிசிபிஎஸ் ஊடகத்தில் மல மாதிரியை வளர்த்துப் பார்க்க வேண்டும். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது நடப்பது அரிது. லயத்துத் தொழிலாளி மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, முடிந்தால் மறுநாள் வேலைக்குப் போகிறார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தேடாத கிருமி புள்ளிவிவரத்தில் ஏறாது; புள்ளிவிவரத்தில் ஏறாததற்கு நிதி கேட்க எந்த அதிகாரிக்கும் வாய் வராது.

செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. பெட்டியின் நடுவிலுள்ள மீனின் சதையில் குத்தி வெப்பம் பார்க்கும் கருவி, ஒரு நிமிடத்தில் விடை சொல்லும். உருகும் ஐஸின் வெப்பநிலையான 0 டிகிரிக்கு அருகில் மீன் இருந்தால் விப்ரியோவும் பெருகியிராது. ஹிஸ்டமினும் பெரும்பாலும் உண்டாகியிராது. 15 டிகிரி, 20 டிகிரி என்று காட்டினால் அந்தப் பெட்டியைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே, கரையில் சரக்கு ஏற்றிய நேரமும் ஐஸ் வாங்கிய ஆலையின் பெயரும் எழுதிய ஒரு சீட்டை லாரி ஓட்டுநர் வைத்திருக்க வேண்டும் என்று இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டால், கெடுத்தவர் யார் என்ற வழக்குக்கும் முடிவு கிடைக்கும். தூத்துக்குடி வியாபாரி நியாயமாக ஏற்றிய மீனுக்கு அதுவே நற்சாட்சிப் பத்திரம்.

பணம் இல்லை என்றும் சொல்ல இயலாது. 2020 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பீடு ரூ. 20,050 கோடி. ஐஸ் ஆலை, குளிர்சாதன லாரி, ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனம், மீன் சந்தை ஆகியவற்றுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் அதில் இடம்பெற்றது. கடலோர மாவட்டங்களின் பெயர்கள் இத்தகைய திட்டப் பட்டியல்களில் முன்வரிசையில் வருவது இயல்பு. துறைமுகத்தில் வாங்கிய ஐஸ் கரைந்து முடியும் இடமான கம்பத்திலும் பொள்ளாச்சியிலும் குடிநீர்த் தரத்தில் ஐஸ் கிடைக்க வேண்டும். வண்டிப்பெரியாறிலும் நெடுங்கண்டத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் வடிகாலுள்ள மீன் சந்தை வேண்டும். இந்தக் கோரிக்கையுடன் இரு மாநில உறுப்பினர்களும் சேர்ந்து மீன்வளத் துறை அமைச்சரின் கதவைத் தட்டுவதற்குத் தடையேதும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 அதிகாலையில் தமிழகக் கிழக்குக் கரைப் படகுகள் கடலில் இறங்குகின்றன. அவை கொண்டுவரும் மீன் மேற்கே புறப்படும்போது, மலைக்கு அப்பால் பருவமழை தொடங்கியிருக்கும்.